கடற்கரைக்குச் செல்வோர் மீன்பிடி இடங்களை அறியும் விதம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கங்கைகொண்டான் வழியாக ஓடும் சிற்றாற்றின் நீர், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, மருதூர் அணையையும் ஸ்ரீவைகுண்டம் அணையையும் தாண்டிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அந்நீர் செல்லும் திசையிலேயே இவ்வட்டாரத்துக் குடியானவர்களும் ஆண்டுதோறும் சென்று வருகிறார்கள். ஆவணித் திருவிழாவுக்கும் கந்த சஷ்டிக்கும் திருச்செந்தூர். உப்புக்கும் கருவாட்டுக்கும் தூத்துக்குடி. உறவினரைக் காண்பதற்கு இடையிலுள்ள ஊர்கள். இவ்வாறு செல்லும் இளைஞரில் பலர் இக்காலத்தில் தூண்டிலொன்றையும் உடன் எடுத்துச் செல்கின்றனர். கரையில் இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "மீன் எங்கே கிடைக்கும்?" என்பதாகும். அக்கேள்விக்குக் கடற்கரையில் நேரான விடை கிடைப்பது அரிது. அது ஏன், எப்படிக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதே இப்பிரசங்கத்தின் விஷயம்.

குளத்தில் மீன் நிற்கும் இடங்கள் குடியானவர் அறிந்தவையே. மடைவாயில், மறுகால் விழும் பள்ளம், ஆற்றில் கோடையிலும் வற்றாத கசம், தாமரைக் கொடி படர்ந்த ஓரம் ஆகிய இடங்களைச் சிறுவரும் சொல்லிவிடுவர். அம்மீனுக்கு உடையவர் இன்னாரென்பதும் தெரியும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருக்கையில் பிறர் அக்குளத்தில் வலை வீசினால் வழக்கு உண்டாகும். கடலிலோ கரையுமில்லை, வேலியுமில்லை, ஏலம் கூறுவாருமில்லை. ஆகவே அஃது எல்லோருக்கும் பொதுவான ஒரு பெருங்குளம் என்றும், எங்கே தூண்டிலிட்டாலும் ஒன்றே என்றும் உள்நாட்டார் எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. கடலின் பெரும்பரப்பு மீனுக்கு வெறும் வழியேயன்றி இருப்பிடமன்று. இருப்பிடமாயுள்ள சிறு சிறு இடங்களோ, ஏலமின்றியே உரியவர்களைப் பெற்றுள்ளன.

முதலில் அடித்தரையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையேயுள்ள மன்னார் வளைகுடாவின் தரையில் மணற்பாங்கும் சேற்றுப்பாங்கும் பரந்து கிடக்க, அவற்றினிடையே ஆங்காங்கு கல்மேடுகள் உள்ளன. இவற்றைக் கடற்கரையார் 'பார்' என்று வழங்குவர். பழங்காலந்தொட்டுப் பெயர்பெற்ற முத்துக் குளிப்பு நடந்தது இத்தகைய பார்களின் மேலேயே. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. கடற்கரையார் கணக்கில் ஏறத்தாழ 7 முதல் 14 பாகம். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம். இப்பார்களில் ஒன்றுக்குத் தொல்லாயிரம் பார் என்று பெயர். அங்கே முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் பாரை நாடி வரும் மீன் நிற்கவில்லை. கல்லில் பாசியும் சிப்பியும் பற்றுகின்றன. அவற்றை உண்ணச் சிறு மீன்கள் சேர்கின்றன. சிறு மீனைத் தேடிக் கலவாவும் விளமீனும் பாறையும் வருகின்றன. மணல்வெளியில் நாள் முழுதும் தூண்டிலிட்டவர் வெறுங்கையோடு திரும்ப, ஒரு பாரின் மேல் நின்றவர் கூடை நிரம்பத் திரும்புவதன் காரணம் இதுவே.

இனி, நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பாரை மீனவர் எவ்வாறு மீண்டும் மீண்டும் கண்டடைகின்றனர்? சில பார்கள் ஒரு நெற்களத்தின் பரப்பே உடையவை. படகு சில கோல் தூரம் விலகி நின்றாலும் தூண்டில் மணலில் விழும். கடலின் மேல் கல் நாட்டவோ கோடு கிழிக்கவோ இயலாது. ஆதலால் அவர்கள் கரையையே அளவுகோலாகக் கொண்டனர். குமரிக் கரையில் இம்முறையைக் கணிச்சம் என்பர். அதன் விதம் வருமாறு: கடலிலிருந்து கரையை நோக்கும்போது, அண்மையிலுள்ள ஒரு பனைமரம் தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியின் கீழே நேராக வந்து நிற்கும்படி படகைச் செலுத்துகின்றனர். அம்மரமும் மலையும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும் வரையில் படகு ஒரே நேர்கோட்டின் மேல் இருக்கிறது. பிறகு வேறொரு திசையில், ஒரு கோயிற் கோபுரமும் அதன் பின்னுள்ள ஒரு மேடும் அவ்வாறே இணையும் வரையில் அக்கோட்டின் மேலேயே முன்னோ பின்னோ செல்கின்றனர். இரண்டு இணைப்புகளும் ஒரே சமயத்தில் அமையும் புள்ளி எதுவோ அதுவே பார் உள்ள இடம். ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழத்தையும், அது கல்லில் தட்டுகிறதா மணலில் புதைகிறதா என்பதையும் கைக்குத் தெரியும் அதிர்ச்சியால் சரிபார்த்துக் கொள்கின்றனர்.

நிலத்தை அளக்கும்போது இரண்டு நிலையான கற்களிலிருந்து சங்கிலி பிடித்து மூன்றாவது கல் காணாமற்போன இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கும் அங்கத்தினருக்கு இம்முறை விளங்குவது கடினமன்று. வித்தியாசம் என்னவெனில், சர்வே நம்பரும் படமும் தாலூகா கச்சேரியில் இருக்கின்றன. கணிச்சமோ தகப்பன் கண்ணிலிருந்து மகன் கண்ணுக்கு மாறி வருவது. எந்தக் கரையிலும் அதற்கு உரிய அடையாளங்கள் குறைவில்லை. மணப்பாட்டில் கடலோர மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் உள்ளது. திருச்செந்தூரில் ஒன்பது நிலைக் கோபுரம். தெற்கே செல்லச் செல்ல மேற்கில் மகேந்திரகிரி. தூத்துக்குடியில் முயல்தீவின் கலங்கரை விளக்கம். இக்காலத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் கைப்பேசிக் கோபுரங்களும் இதற்கு உதவக்கூடியவையே. ஆனால் புயலில் ஒரு பனை விழுந்தால் அதைக் கொண்டு அறியப்பட்ட பாரும் தொலைந்ததற்குச் சமானம். வேறு குறி கண்டுபிடிக்கும் வரையில் பழைய இடத்தை அடைவது துர்லபம். கரையில் வீடு கட்டுவதற்காக ஒரு மரத்தை வெட்டுகிறவர், கடலில் எவருடைய சோற்றில் கை வைக்கிறார் என்பதை அறியமாட்டார்.

இடம் மட்டும் தெரிந்தால் போதாது. காலமும் சேர வேண்டும். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் வீசும்போது எந்தப் பாருக்குப் போகலாம், எதற்குப் போகலாகாது என்பதையும் மீனவர் வகுத்துள்ளனர். கடலடி நீரோட்டத்தை நீவாடு என்பர். நீவாடு வலுத்திருக்கும்போது தூண்டிற்கயிறு நேரே இறங்காது. பாரின் மேல் நின்றும் பயனில்லை. நெத்திலியும் சாளையும் பாரைச் சார்ந்தவையல்ல. அவை கூட்டமாக ஓடுபவை. பறவைகள் வட்டமிடுவதையும் நீரின் நிறம் மாறுவதையும் கொண்டே அவற்றை அறிகின்றனர்.

இவ்வறிவே கடற்கரையாரின் மூலதனம். கூட்டுறவுச் சங்கத்தார் இவ்விடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடியானவர் கடன் கேட்கும்போது நிலத்தையோ நகையையோ ஈடு காட்டுகிறார். மீனவரின் தலைக்குள் இருக்கும் இருபது பார்களை எந்தச் சங்கமும் ஈடாக எழுதிக் கொள்ளாது. ஆகையால் படகுக்கும் வலைக்கும் முன்பணம் வேண்டியவர் வியாபாரியிடம் செல்கிறார்; வியாபாரி பிடிக்கப்போகும் மீனையே ஈடாகக் கொள்கிறார்; பிடித்த மீனுக்கு விலை கூறுகிறவரும் அவரே ஆகிவிடுகிறார். இந்நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழி கோலியவரே பின்னர் மீனவர் காரியத்திலும் இறங்கினார் என்பது தற்செயலன்று. சர் பிரெடரிக் நிக்கல்சன் விவசாய பாங்குகளைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக ரிப்போர்ட்டு எழுதினார். 1904-இல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் சென்னை மாகாணத்து மீன்வள ஆராய்ச்சியை மேற்கொண்டார். வயலிலும் கடலிலும் அவர் கண்ட நோய் ஒன்றே: உழைப்பவர் கையில் முன்பணம் இல்லாமை. பிற்காலத்தில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் தோன்றிய கடற்கரைச் சங்கங்கள் அங்கத்தினரின் மீனைத் தாமே ஏலம் கூறி, விலையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டன. கருவாடு வாங்கச் செல்லும் அங்கத்தினர், அவ்வூரில் அத்தகைய சங்கம் உண்டா என்று விசாரித்து அதன் மூலம் வாங்குவது இருதிறத்தார்க்கும் நலம்.

இவ்வளவும் அறிந்த பின், "மீன் எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி எத்தகையது என்பது விளங்கும். ஓர் ஊருக்குள் நுழைந்த அந்நியர், "உங்கள் வீட்டுப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது?" என்று கேட்பதைப் போன்றது அது. முன்பு ஒரு மீனவர் வேறு படகு அண்மையில் வரக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அவ்விடம் தமதன்று என்பதுபோல விலகிச் செல்வதுண்டு. இப்போது செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கருவி சிறு படகுகளிலும் வந்துவிட்டது. அதனால் மூடுபனியிலும் இரவிலும் பாரை அடைய முடிகிறது. வழி தப்பிய படகு கரை சேர்கிறது. இவை பெரிய நன்மைகள். ஆனால் கணிச்சத்தை ஒருவர் கற்க ஆண்டுகள் பல வேண்டியிருந்தன. கருவியிலுள்ள எண்களையோ கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடலாம். எண் தெரிந்த அனைவரும் வந்து சேர்கையில் சிறிய பார் தாங்குவதில்லை. இழுவை வலை அதன் மேல் சென்றாலோ கல்லில் பற்றிய உயிர்களெல்லாம் சிதைந்து, மீன் வருவதற்கிருந்த காரணமே இல்லாமற் போகிறது.

ஹைதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல்நீரின் வெப்பத்தையும் அதிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை அறிவித்து வருகிறது. இவ்வறிவிப்பு மேல்நீரில் ஓடும் கூட்ட மீன்களுக்கே பெரிதும் பயன்படும். பாரில் தங்கும் கலவாவை அதனால் கண்டுபிடிக்கலாகாது. இதை அறியாமல், "எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, மீனவரைக் கேட்பானேன்?" என்று பேசுவது அறியாமை.

தூத்துக்குடிக்கு வடக்கே இராமேசுவரம் வரையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதியின்றி அத்தீவுகளில் இறங்குவதும், அங்கே தூண்டிலிடுவதும் குற்றமாகும். படகுக்காரர் எவரேனும் கூலிக்கு ஆசைப்பட்டு அழைத்துச் செல்வதாகக் கூறினும் செல்லலாகாது. முற்காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அப்பவளப் பாறைகளைத் தோண்டி வண்டி வண்டியாகக் கொண்டு சென்றனர். அதன் பயனாக அலையைத் தடுப்பாரின்றித் தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லி. தேய்ந்துகொண்டிருந்த வான்தீவைக் காப்பதற்காக 2015 முதல் சிமெண்டுப் பார்களை வார்த்துக் கடலில் இறக்கினார்கள். இயற்கை செய்து வைத்த பாருக்குப் பதிலாக மனிதர் பணம் செலவிட்டுப் பார் செய்ய வேண்டி வந்தது.

அப்படியானால் ஒரு நாள் விருந்தாளியாகச் செல்பவர் தூண்டிலிடுவதற்கு இடமே இல்லையோ எனில், உண்டு. பாருக்குப் போக எண்ணாமல் கரையிலும் கழிமுகத்திலும் நிற்பதே அவருக்கு ஏற்றது. இப்பகுதியில் அதற்குச் சிறந்தது புன்னைக்காயல் பக்கம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஆறுமுகநேரியில் இறங்கினால் அவ்விடம் தொலைவன்று. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் அலையாத்தி மரங்களின் வேரடியில் இறாலும் நண்டும் வளர்கின்றன; அவற்றைத் தொடர்ந்து மடவையும் கொடுவாவும் கிழங்கானும் உள்ளே ஏறுகின்றன. இக்கரையில் கடலேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவாதலால், உள்நாட்டார் அதைக் கவனிப்பதேயில்லை. மீன் கவனிக்கிறது. நீர் உள்ளே ஏறத் தொடங்கும் வேளையில் கழிமுகத்தில் நிற்பவருக்கும், நீர் அசையாது நிற்கும் உச்சிப்பொழுதில் நிற்பவருக்கும் கிடைக்கும் பயன் மிக வேறு.

செல்ல வேண்டிய வேளை விடியற்காலை. படகுகள் கரையேறும்போது என்ன மீன் இறங்குகிறது என்பதைப் பேசாமல் பார்த்தாலே கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். கலவாவும் விளமீனும் இறங்கினால் படகுகள் பாருக்குப் போயிருக்கின்றன. சாளையும் நெத்திலியும் இறங்கினால் கூட்ட மீன் கரையை அணுகியிருக்கிறது. மடவை இறங்கினால் கழிமுகம் நல்ல நிலையில் உள்ளது. ஏலம் நடந்துகொண்டிருக்கையில் எவரையும் குறுக்கிட்டுக் கேட்கலாகாது. அது முடிந்து, வலை காயவைத்துப் பழுது பார்க்க உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரை அணுகி, "அண்ணாச்சி, வெளியூர்க்காரர் தூண்டில் போட இங்கே எந்தப் பக்கம் உட்காரலாம்?" என்று கேட்க வேண்டும். மீன் எங்கே என்று கேளாமல், தனக்கு எங்கே இடம் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுக்கும் விடை கிடைக்கிறது. உட்காரலாகாத இடங்களையும் அவரே சொல்லிவிடுவார். கரைவலை இழுக்கும் துறையில் தூண்டில் முட்கள் அறுந்து கிடந்தால் வலை கிழிவதோடு இழுப்பவர் கையும் காலும் கிழியும். ஆகையால் அங்கே தூண்டில் கூடாது. படகு ஏறி இறங்கும் வழியிலும் கூடாது. அறுந்த நைலான் கயிற்றை மணலில் விட்டு வருவதும் கூடாது. ஊர்க் கமிட்டியார் இன்ன நாளில் கடலுக்குப் போகலாகாது என்று கட்டுப்பாடு செய்திருந்தால், விருந்தாளியும் அதற்கு அடங்கியே நடக்க வேண்டும்.

இக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்குத் தடை உள்ளது. அக்காலத்தில் துறைமுகத்துக்குச் சென்றால் கட்டிக் கிடக்கும் படகுகளைத்தான் காணலாம். நாட்டுப்படகுகளின் சிறு துறைகளுக்குச் செல்வதே தக்கது. மீன் விலையும் அப்போது ஏறியிருக்கும்.

அபாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. குளத்தங்கரையில் பழகியவர்கள், காற்றில்லாத நாளில் கடலும் அடங்கியிருக்குமென்று நம்புகின்றனர். தொலைதூரத்துத் தென்கடலில் வீசிய புயலால் எழும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரெனக் கரையேறும். முன்னறிவிப்பின்றிக் கள்வனைப்போல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இத்தகைய அலையில் அகப்பட்டு உயிரிழந்தனர். மேற்சொன்ன மையம் கள்ளக்கடலைப் பற்றியும் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படுமுன் அதை விசாரித்து அறிதல் வேண்டும். ஈரமான பாறையின் மேல் நின்று தூண்டிலிடலாகாது. பாறை ஈரமாயிருப்பதற்கு அலை அங்கு வரை வந்ததே காரணம். மீனவர் ஒருவரும் கடலில் இறங்காத நாளில் விருந்தாளியும் இறங்க வேண்டுவதில்லை.

முடிவாக, ஒருமுறை கேட்டறிந்த இடம் என்றைக்கும் உதவும் என்று எண்ணலாகாது. பாண்டியர் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில மைல் உள்ளே கிடக்கிறது. அதன் பின் துறைமுகமாய் விளங்கிய பழையகாயலும் கரையை விட்டு விலகிவிட்டது. தாமிரபரணி கொண்டுவரும் மண்ணே இதற்குக் காரணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டிருந்தனர். அத்தகைய வெள்ளத்துக்குப் பின் முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் இடம் மாறுகின்றன. ஆழமாயிருந்த வாய்க்கால் மேடாகிறது, மேடாயிருந்தது ஆழமாகிறது. மடவை ஏறும் வழியும் அதனோடு மாறுகிறது. ஆகையால் சென்ற ஆண்டு நல்ல மீன் கிடைத்த கழிமுகத்துக்கே மீண்டும் செல்பவரும், தூண்டிலை எடுக்குமுன் வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவரிடம் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதே.